மூன்றாம் ஓலை

முதன்முதலில் அது எனக்கு வந்தது மாதா கோயிலில்தான். ஞாயிற்றுக்கிழமைப் பெரிய பூசை. சாமியார் அப்பத்தை உயர்த்திக் காட்டுகிற எழுந்தேற்ற மணி அடித்தது. எல்லாரும் தலை குனிந்தார்கள், நானும் குனிந்தேன். குனிந்த தலையை நிமிர்த்த முடியவில்லை. நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது. மூச்சை இழுத்தால் பாதியில் நின்றது. விரல் நுனியெல்லாம் மரத்துவிட்டது. இன்னும் ஒரு நிமிஷத்தில் செத்துவிடுவேன் என்பதில் எனக்குத் துளி சந்தேகம் இல்லை. பூசை நடுவில் செத்தால் நேராக மோட்சம் என்று நினைத்துச் சும்மா இருந்திருக்கலாம். நானோ முக்காடு நழுவ எழுந்து, தரையில் உட்கார்ந்திருந்த பெண்களின் கையையும் காலையும் மிதித்துக்கொண்டு வெளியே ஓடினேன். கால் மணி நேரத்தில் எல்லாம் அடங்கிவிட்டது. வெயிலில் நின்று முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, சாகாமல் வீடு போய்ச் சேர்ந்தேன்.

அப்போது எனக்கு இருபத்தொரு வயது. பிரெஞ்சுக் கொடி இறங்கி இரண்டு வருஷம் ஆகியிருந்தது. கன்னியாஸ்திரீகள் நடத்திய பள்ளிக்கூடத்தில் சின்னப் பிள்ளைகளுக்குப் பிரெஞ்சு எழுத்து ஆ, பே, சே சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். நாற்பது பிள்ளைகளை ஒரே அதட்டலில் உட்கார வைக்கிறவள். தெருவில் என்னை வாயாடி என்பார்கள். எனக்குப் போய் இப்படி ஒன்று வந்ததே என்று அவமானமாக இருந்தது.

அம்மா உடனே காரணம் கண்டுபிடித்தாள். நன்மை, அதாவது பூசையில் தரும் தேவ அப்பம், வாங்குகிறவர்கள் வெறும் வயிற்றோடு பூசைக்கு வர வேண்டிய காலம். "பசி மயக்கம்டீ" என்றாள். அடுத்த ஞாயிறு நன்மை வேண்டாம் என்று நாலு இட்லியைத் தின்றுவிட்டுப் போனேன். இட்லியைப் பார்த்து அது பயப்படவில்லை, வந்தது. அப்புறம் பெரிய மார்க்கெட்டில் மீன்கடைகளுக்கு நடுவே வந்தது. ஒரு சாவு வீட்டில் வந்தது. ஆஸ்பத்திரி டாக்டர் நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டுவிட்டு, இருதயம் நன்றாக இருக்கிறது என்றார். நன்றாக இருக்கிற இருதயம் ஏன் இப்படிக் குதிக்கிறது என்று கேட்டேன். எல்லாம் நரம்புதான், கல்யாணமாகாத மத்மசேல் அதிகமாக யோசிக்கக் கூடாது என்று சொல்லி ஒரு கசப்பு டானிக் எழுதிக் கொடுத்தார்.

வீட்டில் அதற்குப் பெயர் வைக்கவில்லை. "அது வந்துச்சா?" என்று அம்மா வாசலுக்குக் கேட்காத குரலில் விசாரிப்பாள். அப்பா இல்லாத வீடு, எல்லாம் அண்ணன் பொறுப்பு. பெண்ணுக்கு நரம்பு வியாதி என்று வெளியே தெரிந்தால் யார் கட்டிக்கொள்வார்கள் என்பது இரண்டு பேரின் கவலை. இத்தனைக்கும் ஊரே பயந்துகொண்டிருந்த காலம் அது. பிரெஞ்சுப் படிப்பு இனி எதற்காவது உதவுமா, பிரெஞ்சு நாட்டுக்குக் கப்பலேறிப் போய்விடலாமா, போனால் அந்தக் குளிரில் எப்படிக் காலம் தள்ளுவது என்று எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் இதே பேச்சு. முறுக்கு மீசைக்காரர்கள் கடற்கரையில் உட்கார்ந்து இதையே பேசிப் பேசித் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டார்கள். அவர்கள் செய்தால் அது முன்யோசனை. நான் செய்தால் வியாதி.

பெரியம்மாவுக்கு, அதாவது அம்மாவின் அக்காவுக்கு, மட்டும் விஷயத்தைச் சொல்லியிருந்தார்கள். கோயிலில் பெண்களின் செபமாலைச் சபைக்கு அவள்தான் தலைவி. அவளிடம் எல்லாவற்றுக்கும் பதில் இருந்தது.

"பயம் இருக்கிற எடத்துல விசுவாசம் இல்லன்னு அர்த்தம். உனக்கு விசுவாசம் பத்தல, அவ்ளோதான்" என்றாள்.

நானும் நம்பினேன். அவள் சொன்ன நவநாளை ஒன்பது நாள் செய்தேன். அது பலிக்காவிட்டால் இன்னொரு அர்ச்சியசிஷ்டவருக்கு, இன்னொரு புனிதருக்கு, இன்னொரு ஒன்பது நாள். மந்திரித்த எண்ணெயை நெஞ்சில் தடவிக்கொண்டேன். சாமியாரிடம் பாவத்தைச் சொல்லுகிற பாவசங்கீர்த்தனத் தொட்டியில் முழங்கால் போட்டு, "இந்த வாரம் நாலு தடவை பயந்தேன் சாமி" என்று சொல்லி, அபராதமாக மாதாவுக்குச் சொல்லும் பிரியதத்த மந்திரம் மூன்று வாங்கி வந்தேன். பொய் சொன்னவளுக்கும் அதே மூன்றுதான். பயந்ததற்கும் பொய்க்கும் ஒரே தண்டனை என்பது அப்போதே எனக்கு நெருடியது.

ஆத்திரம் வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை. செபமாலையில் துக்க தேவ இரகசியங்களைத் தியானிக்கிற நாள். பெரியம்மா முன்னால் முழங்கால் போட்டுச் சொல்லச் சொல்ல, நாங்கள் இருபது பெண்கள் பின்னால் சொன்னோம். முதலாவது துக்கம், சேசுநாதர் பூங்காவனத்தில் வியாகுலப்பட்டு இரத்த வேர்வை வேர்த்தது. சின்ன வயசிலிருந்து எத்தனையோ தடவை சொன்னதுதான். அன்றைக்குத்தான் காதில் விழுந்தது. செபமாலை முடிந்ததும் கேட்டேன்.

"பெரியம்மா, அவரு எதுக்கு வேர்த்தாரு?"

"நம்ம பாவத்தை நெனச்சு."

"மறுநாள் நடக்கப் போறத நெனச்சுப் பயந்துதான வேர்த்தாரு? முடிஞ்சா இத எங்கிட்டருந்து எடுத்துடுன்னு பிதாகிட்ட கெஞ்சினாருல்ல? அப்ப அவருக்கும் விசுவாசம் பத்தலையா?"

பெரியம்மா தன் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். என் கன்னத்தில் போடாமல் விட்டது ஆச்சரியம். சனிக்கிழமை முதல் வேலையாக இந்தப் பேச்சுக்குப் பாவசங்கீர்த்தனம் செய் என்றாள். நான் செய்யவில்லை. இன்று வரை செய்யவில்லை.

அன்றிலிருந்து எனக்குக் கிழமை கிடையாது. சந்தோஷ நாளோ மகிமை நாளோ, செபமாலையில் நான் உருட்டியது இரத்த வேர்வைக்கான அந்தப் பத்து மணிகளை மட்டும்தான். அது வருகிறது என்று தெரிந்ததும் ஓடுவதை நிறுத்தினேன். பக்கவாட்டுக் கதவை ஒட்டிச் சுவரில் முதுகைச் சாய்த்துக்கொள்வேன். ஒரு மணிக்கு ஒரு மூச்சு. பத்து முடிந்தால் மறுபடியும் ஒன்று. மந்திரத்துக்கு நடுவே சேசுநாதரோடு சண்டையும் போடுவேன். நீர் பயந்தபோது பக்கத்தில் இருந்த சீடர் மூன்று பேரும் தூங்கிவிட்டார்கள் என்று கோபித்துக்கொண்டீரே, இப்போது நான் பயப்படுகிறேன், நீர் தூங்காமல் இரும் என்பேன். சில நாள் பத்திலேயே அடங்கும், சில நாள் எழுபது, எண்பது ஆகும். அடங்கியதும் பயங்கரக் களைப்பாக இருக்கும். ஆனால் ஓடவில்லை என்ற திமிர் இருக்கும். அந்தத் திமிரோடுதான் ஒரு வருஷத்தை ஓட்டினேன்.

அப்போது நெல்லித்தோப்பிலிருந்து சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளை துறைமுகச் சுங்கச் சாவடியில் எழுத்து வேலை. பெண் பார்க்க வந்தபோது காற்றோட்டமான கூடத்தில், நடுப்பகலில், பத்தே நிமிஷத்தில் எல்லாவற்றையும் முடிக்கும்படி அம்மா ஏற்பாடு செய்திருந்தாள். அவர் அதிகம் பேசவில்லை. காபி கொடுத்த என் கை நடுங்கவில்லை. அவர்கள் போனதும், "அவருகிட்ட சொல்லிட்டீங்களா?" என்று அண்ணனைக் கேட்டேன். அண்ணன் அம்மாவைப் பார்த்தான். "கல்யாணம் ஆனா எல்லாம் சரியாப் போயிடும், நீ வாய மூடு" என்றாள் அம்மா.

எங்களில் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஓலை வாசிக்க வேண்டும். அடுத்தடுத்த மூன்று ஞாயிறு, பிரசங்கம் முடிந்ததும் சாமியார் எல்லார் முன்னாலும் அறிவிப்பார். இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் கல்யாணம் நடக்க இருக்கிறது, இதற்கு ஏதாவது விக்கினம் தெரிந்தவர்கள் வந்து சொல்லக் கடமைப்பட்டவர்கள், மறைத்தால் பாவம். பெண்ணின் கோயிலிலும் வாசிப்பார்கள், மாப்பிள்ளையின் கோயிலிலும் வாசிப்பார்கள். என்னென்ன விக்கினங்கள் உண்டு என்பதை ஞானோபதேச வகுப்பில் மனப்பாடம் செய்து முதல் பரிசு வாங்கியவள் நான்.

முதல் ஓலை வாசித்தபோது வெட்கப்பட்டுத் தலை குனிந்திருந்தேன். இரண்டாம் ஓலையின்போதுதான் அந்தக் கடைசி வரி என்னைப் பிடித்துக்கொண்டது. விக்கினம் தெரிந்தவர்கள். தெரிந்தவர்கள் யார் யார்? அம்மா, அண்ணன், பெரியம்மா. மூன்று பேரும் முக்காடும் துண்டுமாகப் பக்தியோடு உட்கார்ந்திருக்கிறார்கள். அதே நேரம் நெல்லித்தோப்புக் கோயிலில் அந்த மனிதர் இதே ஓலையைக் கேட்டுக்கொண்டிருப்பார். அவர் ஒருத்தருக்குத்தான் எதுவும் தெரியாது. ஒரு நல்ல மனுஷனை எல்லாரும் சேர்ந்து ஏமாற்றுகிறோம், அதைக் கடவுளை வேறு கூப்பிட்டு வைத்துக்கொண்டு செய்கிறோம் என்று நினைத்ததும் உடம்பெல்லாம் எரிந்தது. எனக்குப் பயமே இருக்கட்டும், திருட்டுத்தனம் வேண்டாம் என்று முடிவு செய்தேன்.

திங்கட்கிழமை பள்ளிக்கூடம் விட்டதும் சாமியார் வீட்டுக்குப் போனேன்.

"சாமி, நேத்து வாசிச்ச ஓலைக்கு ஒரு விக்கினம் இருக்கு."

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பதிவுப் புத்தகத்தைத் திறந்தார். "எந்த ஓலை?"

"என்னோடது."

"உறவு முறையா? வேற யாருக்காவது வாக்குக் குடுத்திருக்கியா? வீட்டுல கட்டாயப்படுத்துறாங்களா?"

"அதெல்லாம் இல்ல சாமி. எனக்கு ஒரு நோய் இருக்கு. அத மறைச்சிட்டாங்க."

எல்லாவற்றையும் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டுப் புத்தகத்தை மூடினார். "இது விக்கினம் இல்லம்மா. திருச்சபைச் சட்டத்துல எங்கயும் இப்படி ஒண்ணு இல்ல" என்றார். முதல் பரிசு வாங்கியவளுக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. ராத்திரி முழுக்கத் தூங்காமல் நான் தூக்கிச் சுமந்தது விக்கினமே இல்லையாம். ஆனால் எழுந்து போக மனம் வரவில்லை.

"விக்கினம் இல்லன்னா சரி. அவருக்குத் தெரியாம மறைக்கிறது என்னா சாமி?"

அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "இப்ப நான் என்னா செய்யணும்ங்கற?" என்றார்.

"அவருகிட்ட சொல்ற வரைக்கும் மூணாவது ஓலைய நிறுத்தி வைங்க."

"யாரு சொல்றது?"

"நான்தான்."

சனிக்கிழமைக்குள் சொல்லிவிட்டு வந்தால் வாசிக்கிறேன், வராவிட்டால் நெல்லித்தோப்புச் சாமியாருக்கும் எழுதி அங்கேயும் நிறுத்தச் சொல்வேன் என்றார். ஊர் என்ன பேசும் தெரியுமா என்று கேட்டார். தெரியும் சாமி என்றேன். எதுவும் தெரியாமல்தான் சொன்னேன். ஐந்து நாள் தாராளமாகப் போதும் என்று நினைத்திருந்தேன்.

மாப்பிள்ளையின் அம்மா தினமும் சாயங்காலம் நெல்லித்தோப்புக் கோயிலுக்கு வருவாள் என்று கேள்விப்பட்டிருந்தேன். அவளிடம் சொல்லலாம் என்று புதன்கிழமை ரிக்‌ஷா ஏறினேன். பாதி வழியில் மூச்சு அடைத்துக்கொண்டது. ரிக்‌ஷாக்காரர் பயந்துபோய் என்னை வீட்டிலேயே திருப்பிக் கொண்டுவந்து விட்டார். வெள்ளிக்கிழமை நடந்தே கிளம்பினேன். அன்றும் பாதியில் திரும்பினேன். பயத்தைப் பற்றிச் சொல்லப் போகிறவளைப் பயமே தடுத்துவிட்டது என்று சொல்ல எனக்கு இன்றும் வெட்கமாக இருக்கிறது. சனிக்கிழமை சாமியார் வீட்டுப் பக்கமே போகவில்லை.

ஞாயிறு பூசையில் மூன்று ஜோடிகளுக்கு ஓலை வாசித்தார்கள். எங்கள் ஓலையை வாசிக்கவில்லை. பெண்கள் பக்கம் ஒவ்வொரு முக்காடாக என் பக்கம் திரும்பியது. ஓலை நின்றது என்றால் எங்கள் ஊரில் இரண்டே அர்த்தம். மாப்பிள்ளைக்கு எங்கோ ஏற்கெனவே ஒரு பெண்டாட்டி இருக்கிறாள், அல்லது பெண் வயிற்றில் ஒரு பிள்ளை இருக்கிறது. அம்மா பூசை முடியும் வரை சிலையாக உட்கார்ந்திருந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் அண்ணன் குதித்தான். "எவன் போட்டுக் குடுத்தது? அந்தப் பக்கத்து வூட்டுக்காரனாத்தான் இருக்கும். இன்னிக்கு அவன உண்டு இல்லன்னு பண்றேன்" என்று செருப்பை மாட்டினான்.

"யார் வூட்டுக்கும் போவாத. சாமியாருகிட்ட சொன்னது நான்தான்" என்றேன்.

அம்மா ஓங்கி ஒரு அறை விட்டாள். "குடும்ப மானத்தை வாங்கிட்டியேடீ. இதுக்கு நீ செத்துப் போயிருக்கலாம்" என்றாள்.

"வாரத்துக்கு நாலு தடவ அதத்தான செஞ்சுகிட்டிருக்கேன்" என்றேன். அம்மா முதலில் முறைத்தாள், அப்புறம் உட்கார்ந்து அழுதாள். அவள் அழுததும் எனக்கும் அழுகை வந்துவிட்டது. அவளும் என்னைப் போலத்தான், பயத்தில்தான் மறைத்தாள்.

நாலு மணிக்கு மாப்பிள்ளை தன் அம்மாவோடு வந்தார். அவர்கள் கோயிலிலும் ஓலையை வாசிக்கவில்லை. என்ன விஷயம் என்று கேட்டபோது அண்ணன் காபி கொண்டுவரச் சொல்லிப் பேச்சை மாற்றினான். நான் உள்ளேயிருந்து வந்து அவர்கள் முன்னால் நின்றேன். கோயிலில் முதலில் வந்ததிலிருந்து ஒன்றுவிடாமல் சொன்னேன். பாதி சொல்லும்போதே நெஞ்சு அடிக்க ஆரம்பித்தது. நல்லதுதான் என்று நினைத்தேன். "தோ, இப்பவே வருது. நீங்களே பாத்துக்கோங்க" என்று சொல்லிவிட்டுச் சுவரோடு சாய்ந்து செபமாலையை எடுத்தேன்.

முகமெல்லாம் வேர்த்துக் கொட்ட, வாய் கோண, மூச்சு விசில் அடிக்க, நான் மணியை உருட்டுவதை அத்தனை பேரும் பார்த்தார்கள். வெட்கம் பிடுங்கித் தின்றது. சிலுவையில் உம்மைப் பார்க்கவும் கூட்டம் கூடியதே, என்னையும் பார்க்கட்டும் என்று சேசுநாதரிடம் சொன்னேன். ஐந்தாம் சுற்றில் மூச்சு முழுசாக இறங்கியது.

"அவ்ளோதானா?" என்றார் மாப்பிள்ளை.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. "அவ்ளோதானான்னு சொல்லாதீங்க. உங்களுக்கு வந்தா தெரியும்" என்றேன். அம்மா பின்னாலிருந்து என் இடுப்பைக் கிள்ளினாள்.

அவர் எழுந்து நின்றார். "தப்பா கேட்டுட்டேன். இது வர்றப்ப பக்கத்துல இருக்கிறவங்க என்னா செய்யணும்?" என்றார்.

இரண்டு வருஷத்தில் யாரும் என்னை அப்படிக் கேட்டதில்லை. "ஒண்ணும் செய்ய வேணாம். பயப்படாதேன்னு மட்டும் சொல்லாதீங்க" என்றேன். சரி என்று தலையாட்டினார்.

அவர் அம்மா அவ்வளவு சீக்கிரம் விடவில்லை. பையனுக்குப் பிடித்தால் சரி, ஆனால் கல்யாணத்தன்று நாலு பேர் முன்னால் இப்படி ஆனால் நெல்லித்தோப்பில் தலைகாட்ட முடியாது, விடியற்காலைப் பூசையில் பக்கப் பீடத்தில் சத்தமில்லாமல் முடித்துவிடலாம் என்றாள். என் அம்மா நிம்மதியாகத் தலையாட்டினாள். கூடவே அண்ணனும்.

"முடியாது" என்றேன் நான். "இது விக்கினமே இல்லன்னு சாமியாரே சொல்லிட்டாரு. பெரிய பூசையில, பெரிய பீடத்துலதான் தாலி ஏறணும். ஒளிஞ்சு கட்டிக்கறதுன்னா எனக்கு இந்தக் கல்யாணமே வேணாம்."

உண்மையில் எனக்கு அந்தக் கல்யாணம் வேண்டியிருந்தது. என்ன செய்யணும் என்று கேட்ட மனிதரை விட மனமில்லை. வந்தவர்கள் பதில் சொல்லாமலே கிளம்பிவிட்டார்கள். புதன்கிழமை மாப்பிள்ளை நேராகச் சாமியாரிடம் போய், எனக்கு எல்லாம் தெரியும், ஓலையை வாசியுங்கள் என்று சொல்லிவிட்டு வந்ததாகத் தகவல் வந்தது. அடுத்த ஞாயிறு மூன்றாம் ஓலையைச் சாமியார் நிறுத்தி நிதானமாக வாசித்தார். நான் தலையைக் குனியவில்லை.

கடற்கரையில் இருந்த மேரியில், அதாவது நகர மண்டபத்தில், பிரெஞ்சுச் சட்டப்படி கல்யாணத்தைப் பதிந்து கையெழுத்துப் போட்ட அன்றைக்கு அது வரவே இல்லை. காற்று பிய்த்துக்கொண்டு அடித்தது, கையெழுத்து அழகாக விழுந்தது. பெரியம்மா இதைக் கேட்டுப் பூரித்துப்போய், தான் எனக்காகச் செய்த நவநாள் பலித்துவிட்டது என்று சபை முழுக்கச் சொன்னாள். கல்யாணத்தன்று காலையில் என் நெற்றியில் சிலுவை போட்டு, "இனிமே வராது, பாரு" என்றாள்.

பெரிய பூசை. கோயில் நிரம்பியிருந்தது. ஓலை நின்ற கதை கேள்விப்பட்டவர்கள் அழைப்பில்லாமலும் வந்திருந்தார்கள். கிராதித் தடுப்புக்கு உள்ளே, பீடத்துக்கு முன்னால் எங்களை நிறுத்தினார்கள். சாமியார் முதலில் மாப்பிள்ளையிடம் சம்மதமா என்று கேட்டார். சம்மதம் என்றார். அப்புறம் என் பக்கம் திரும்பினார். அந்த நேரம் பார்த்து வந்தது. இரண்டு வருஷத்தில் அவ்வளவு பெரிதாக வந்ததில்லை. காது அடைத்தது, பீடத்து மெழுகுவர்த்திகள் எல்லாம் ஒன்றாகிவிட்டன, முழங்கால் இரண்டும் எனக்குச் சொந்தமில்லாமல் போயின. பின்னால் பார்த்தால் ஓட வழி இருந்தது. ஓடினால் அத்தோடு முடிந்தது என்பதும் தெரிந்தது. கூறைப்புடவையைச் சுருட்டிக்கொண்டு பீடத்துப் படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

கோயில் முழுக்கச் சலசலவென்று பேச்சு எழுந்தது. பெரியம்மா உரத்த குரலில் மந்திரம் சொல்ல ஆரம்பித்தாள். மாப்பிள்ளை அசையவில்லை. பயப்படாதே என்றும் சொல்லவில்லை. சாமியார் என் பக்கம் குனிந்தார்.

"எழுந்திருக்க முடியுமாம்மா? கொஞ்ச நேரம் பொறுத்துக் கேக்கட்டுமா?"

"வேணாம் சாமி. இப்பவே கேளுங்க."

கேட்டார். மூச்சு பாதியில் நின்றது. நின்ற இடத்திலிருந்து இருந்த மூச்சையெல்லாம் திரட்டி, "சம்மதம்" என்றேன். கோயில் வாசலில் நின்றவர்களுக்கும் கேட்டதாக அப்புறம் சொன்னார்கள். சொன்னதும் எனக்கு ஒரு சந்தேகம் வந்துவிட்டது.

"உக்காந்துகிட்டு சொன்னா செல்லுமா சாமி?"

"செல்லும்" என்று சொல்லிவிட்டுச் சாமியார், மந்திரித்து மாப்பிள்ளை கையில் கொடுக்கத் தாலியை எடுத்தார்.